மகளுக்குப் பின் பிறந்த தாய்

போன ஜூலையில் தோழி ஒருத்தி இரண்டு படங்கள் அனுப்பினாள். ஆய்வு வேலைக்காக நார்வேயின் வடக்கே ட்ரொம்சோவுக்குப் போனவள். வார விடுமுறையில் மலையேறியபோது எடுத்ததாம். இரண்டு படத்திலும் தரையோடு தரையாகக் கிடக்கும் ஒரு குட்டிச் செடி. அதன்மேல் தலைகுனிந்த வெள்ளை மணிப்பூக்கள். "இது என்ன செடி? உனக்குத்தான் தெரியுமே" என்று கேட்டிருந்தாள்.

இந்த "உனக்குத்தான் தெரியுமே" ஆளைக் கெடுக்கும் சொல். படத்தைப் பெரிதாக்கிக்கூடப் பார்க்கவில்லை. "இரண்டும் காசியோப்பி. ஆர்க்டிக் பகுதியின் பேர்போன செடி" என்று பதில் போட்டுவிட்டு, மனத்துக்குள் முதுகில் தட்டிக்கொண்டேன்.

அரைமணி நேரம் கழித்து மறுபடி செய்தி வந்தது. அவளுடன் வேலை பார்க்கும் நார்வேக்காரர் படங்களைப் பார்த்துவிட்டு, ஒன்று "கன்ட்லிங்", மற்றது "மூசெலிங்" என்றாராம். முதலாவதற்கு விளிம்பு ஹீதர் என்று பொருள், இரண்டாவதற்குப் பாசி ஹீதர். (ஹீதர் என்பது குளிர்நாட்டுக் குட்டைப் புதர்.) "இரண்டும் ஒன்று என்றால் ஊர்க்காரர்கள் ஏன் இரண்டு பெயர் வைத்திருக்கிறார்கள்?" என்று கேட்டிருந்தாள். நியாயமான கேள்வி.

இப்போதுதான் படங்களை ஒழுங்காகப் பார்த்தேன். முதல் செடியின் இலைகள் செதில் போலத் தண்டோடு அப்பிக்கொண்டு, ஒன்றன்மேல் ஒன்று படிந்து, நான்கு வரிசையாக ஏறுகின்றன. தண்டு எது இலை எது என்றே தெரியாது. நான்கு பட்டையாகப் பின்னிய பச்சைக் கயிறு போல இருக்கும். பூக்காம்பு அந்த இலைகளின் இடுக்கிலிருந்து, பக்கவாட்டில் கிளம்புகிறது. இரண்டாவது செடியில் இலைகள் ஊசி போல மெலிந்து, தண்டைச் சுற்றிச் சுற்றி முளைத்திருக்கின்றன. பூ இல்லாத நாளில் பார்த்தால் பாசி என்றே நினைப்போம். பூ வருவது கிளையின் நுனியில். பூவை மட்டும் பார்ப்பவனுக்கு இரண்டும் ஒன்று. இலையைப் பார்ப்பவனுக்கு ஒன்றாக இருக்க வழியே இல்லை.

நான் செய்த தவறு புதிதில்லை என்பதுதான் எனக்கு ஒரே ஆறுதல். செடிகளுக்குப் பெயர் வைக்கும் முறையை வகுத்த ஸ்வீடன் தாவரவியலார் லின்னேயஸும் அதைச் செய்திருக்கிறார். அவருக்குப் பிறகு வந்தவர்களும் செய்திருக்கிறார்கள். இந்தச் செடிகளுக்குப் பெயர் வந்த கதையே அந்தத் தவறை ஒட்டித்தான் ஓடுகிறது. கொஞ்சம் நீளமான கதை.

1732 மே மாதம், இருபத்தைந்து வயது நிறைய ஒரு நாள்கூட இல்லாத நிலையில், கார்ல் லின்னேயஸ் ஸ்வீடனின் உப்சாலாவிலிருந்து வடகோடியிலுள்ள லாப்லாந்துக்குக் கிளம்பினார். உப்சாலா அறிவியல் கழகம் கொடுத்த சிறு தொகையை வைத்துக்கொண்டு, தனியாக, குதிரைமேல். சதுப்பு நிலங்களைக் கடந்தபோது ஒரு சிறு புதர்ச்செடி பூத்திருக்கக் கண்டார். மொட்டு இரத்தச் சிவப்பு. விரிந்ததும் வெளிறிய ரோஜா நிறம். அந்தச் செடிக்குப் பெயர் ஏற்கெனவே இருந்தது: கமேடாஃப்னி, அதாவது தரை லாரல். புக்ஸ்பாம் என்ற தாவரவியலார் பயன்படுத்திய பெயர். லின்னேயஸுக்கு அது பிடிக்கவில்லை. நாட்குறிப்பில் வேறு ஒரு கதை எழுதத் தொடங்கினார்.

கதை கிரேக்கர்களுடையது. எத்தியோப்பிய அரசி காசியோப்பி, கடல் கன்னியரைவிட அழகு எங்கள் வீட்டில்தான் இருக்கிறது என்று வாய்விட்டாள். (தன் அழகைச் சொன்னாளா, மகள் அழகைச் சொன்னாளா என்பதில் கதைக்குக் கதை மாறுபாடு உண்டு.) கடல் தெய்வம் போசிடானுக்குக் கோபம் வந்தது. ஊரை அழிக்கக் கடல் பூதத்தை ஏவினான். பூதம் அடங்க வேண்டுமென்றால் மகள் ஆண்ட்ரோமெடாவைக் கடலோரப் பாறையில் சங்கிலியால் கட்டிப் பலிகொடுக்க வேண்டும் என்றது குறி. வாய் தாயுடையது, சங்கிலி மகளுக்கு. கடைசியில் பெர்சியூஸ் வந்து பூதத்தைக் கொன்று அவளை மீட்டான்.

சதுப்பு நடுவே ஒரு மண்திட்டில் வேர் பிடித்து, காலடியில் நீர் அலம்ப, அசைய முடியாமல் நிற்கும் அந்தச் செடியைப் பார்த்ததும் லின்னேயஸுக்கு ஆண்ட்ரோமெடா நினைவுக்கு வந்தாள். சுற்றிலும் தவளைகளும் தேரைகளும்: அவைதான் பூதங்கள். குனிந்த பூ அவள் கவிழ்ந்த முகம். நாளாக ஆகப் பூ வெளிறுவது அவள் துயரம். கோடை வந்து சதுப்பு வற்றித் தேரைகள் ஒழிவது பெர்சியூஸின் வருகை. அப்புறம் கனி நிமிர்ந்து நிற்கிறது, ஆண்ட்ரோமெடா தலைநிமிர்ந்துவிட்டாள். இதை எழுதியதோடு நிற்காமல் பக்கத்திலேயே படமும் போட்டார். ஒரு பக்கம் பாறையில் கட்டுண்ட பெண், மறுபக்கம் செடி, அருகே பல்லி போல ஒரு பிராணி. கற்பனையானது, மெய்யானது என்று எழுதியும் வைத்தார். படம் என்னவோ சுமார்தான். அவருக்கு வரைய வராது. ஆனால் உலகத் தாவரவியலுக்கே சட்டம் எழுதப்போகிற ஆள், கொசுக்கடிக்கு நடுவே உட்கார்ந்து இப்படி விளையாடியிருக்கிறார் என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

1737இல் லாப்லாந்துத் தாவரங்கள் பற்றிய அவர் நூல் வந்தபோது ஆண்ட்ரோமெடா ஒரு பேரினத்தின், அதாவது நெருங்கிய சிற்றினங்களைச் சேர்த்த தொகுதியின், பெயராகவே ஆகிவிட்டது. ஆனால் அந்தப் பேரினத்துக்குள் சதுப்பு மங்கை தனியாக இல்லை. மலைமேல் உறைபனி ஓரங்களில் வளரும் வெள்ளை மணிச்செடிகளையும் அவர் அதே வீட்டில் குடிவைத்தார். பேரினத்துக்கு ஒரு சொல், சிற்றினத்துக்கு ஒரு சொல் என்ற இருசொல் பெயர்முறை வந்த 1753இல் அவை ஆண்ட்ரோமெடா டெட்ராகோனா, ஆண்ட்ரோமெடா ஹிப்னாய்டெஸ் என்று பதிவாயின. டெட்ராகோனா என்றால் நான்கு மூலை. நார்வேக்காரர் சொன்ன விளிம்பு ஹீதர். ஹிப்னாய்டெஸ் என்றால் ஹிப்னம் என்ற பாசியைப் போன்றது, பாசி ஹீதர். ஆக இலை வேறுபாடு லின்னேயஸின் கண்ணுக்குத் தப்பவில்லை, பெயரிலேயே இருக்கிறது. ஆனால் அவரது வகைப்பாட்டு முறை இலையைக் கணக்கில் எடுக்காது. மகரந்தத் தாள் எத்தனை, சூல்தண்டு எத்தனை என்று எண்ணும். பத்துத் தாள், ஒரு சூல்தண்டு, ஐந்தாகப் பிளந்த மணி. எல்லாம் பொருந்துகிறதா? சரி, உள்ளே போ.

இப்படியே பின்னால் வந்தவர்களும் குனிந்த மணிப்பூ உள்ள புதர் எதைக் கண்டாலும் ஆண்ட்ரோமெடாவில் போட்டார்கள். வடஅமெரிக்கா, சைபீரியா, இமயமலை என்று எல்லாத் திசையிலிருந்தும் வந்து சேர்ந்தன. நூறாண்டில் அது பேரினமாக இல்லாமல் கோணிப்பையாக ஆகிவிட்டது.

பையை அவிழ்த்துக் கொட்டியவர் டேவிட் டான் என்ற ஸ்காட்லாந்துக்காரர். லண்டன் லின்னேயன் சங்கத்தின் நூலகர். லின்னேயஸ் கையால் உலர்த்தி ஒட்டிய செடித் தாள்களையும் அவருடைய நூல்களையும் 1829இல் அந்தச் சங்கமே விலைக்கு வாங்கியிருந்தது. அதாவது மூலச் சரக்கு டானின் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. 1834இல் அவர் ஹீதர் குடும்பத்துக்குப் புதிய ஒழுங்குமுறை ஒன்றை வெளியிட்டார். ஒரு பேரினத்தைப் பிரிக்கும்போது பழைய பெயர் யாருக்குப் போகும் என்பதற்கு இன்று எழுதப்பட்ட விதி இருக்கிறது. அன்று வழக்கம்தான் விதி. ஆண்ட்ரோமெடா என்ற பெயர் சதுப்புச் செடியிடமே தங்கியது. வெளியே வந்தவர்களுக்குப் புதுப்பெயர் வேண்டும்.

நான்கு வரிசை இலைச்செடிக்கும் அதன் கூட்டத்துக்கும் டான் வைத்த பெயர்தான் காசியோப்பி. ஆண்ட்ரோமெடாவின் தாய்.

முதன்முதலில் இது புரிந்தபோது சிரித்துவிட்டேன். அதுவரை வானத்தில் இருக்கும் காசியோப்பியா விண்மீன் கூட்டத்தை நினைத்துத்தான் வைத்திருப்பார்கள், வடதுருவச் செடி அல்லவா, என்று நானாக ஒரு விளக்கம் வைத்திருந்தேன். யாரோ ஒருவன் சதுப்பில் உட்கார்ந்து சொன்ன வேடிக்கைக்கு, நூற்றிரண்டு ஆண்டு கழித்து இன்னொருவன் நூலகத்தில் உட்கார்ந்து அடுத்த வரி சொல்லியிருக்கிறான். லின்னேயஸின் நாட்குறிப்பு ஆங்கிலத்தில் 1811இலேயே அச்சாகியிருந்தது. டான் அதைப் படிக்காமல் இருந்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. மகள் பிறந்து நூறு வருடத்துக்குப் பிறகு, மகளிடமிருந்தே தாய் பிறந்திருக்கிறாள். விடுகதைக்கு ஆகும்.

அதே ஆண்டில் டான் வைத்த மற்ற பெயர்களும் இதே வகைதான்: லியூகோதோயி, ஸெனோபியா, பியரிஸ், கசாண்ட்ரா. எல்லாம் புராணமும் வரலாறும். இதில் கசாண்ட்ராவின் கதை தனி. ட்ராய் நகரத்து இளவரசியான அவள் சொல்லும் குறியெல்லாம் பலிக்கும், ஆனால் யாரும் நம்ப மாட்டார்கள் என்பது அவள் பெற்ற சாபம். டான் அவள் பெயரை வைத்த செடிக்கு 1794இலேயே மென்க் என்பவர் கமேடாஃப்னி என்று பெயர் பதித்துவிட்டிருந்தார். முந்தியவருக்கே உரிமை என்பது பெயரிடலின் அடிப்படை விதி. எனவே இங்கும் கசாண்ட்ராவை யாரும் ஏற்கவில்லை. லின்னேயஸ் வேண்டாம் என்று தள்ளிய கமேடாஃப்னி, வேறொரு செடியின் தலையில் நிலைத்துவிட்டது.

தாவரப் பெயருக்குப் பின்னால் வரும் சுருக்கங்களை நான் பல காலம் கண்டுகொண்டதில்லை. காசியோப்பி டெட்ராகோனா என்று எழுதி, பிறகு அடைப்புக்குறிக்குள் லி., அதற்கு வெளியே டி. டான் என்று போடுவார்கள். அதைப் படிக்கும் முறை எளிது. அடைப்புக்குறிக்குள் இருப்பது பிறந்த வீடு. வெளியே இருப்பது புகுந்த வீட்டுக்கு அழைத்துப் போனவர். லின்னேயஸ் ஏதோ ஒரு பேரினத்தில் டெட்ராகோனா என்று பெயர் வைத்தார், டான் அதைக் காசியோப்பிக்கு மாற்றினார் என்று பொருள். பேரினம் எத்தனை முறை மாறினாலும் டெட்ராகோனா என்ற சொல் கூடவே வரும், அந்த அடைப்புக்குறியும் கூடவே வரும். நிலத்துக்கே பூவின் பெயரை வைத்துக் குறிஞ்சி, முல்லை என்று பிரித்த மொழியில் பிறந்தவனுக்குப் பூவின் பெயரில் இவ்வளவு ஆவணம் இருப்பது பொறாமையாகத்தான் இருக்கிறது.

சரி, என் தவறுக்கு வருகிறேன். டான் பாசி ஹீதரையும் காசியோப்பியில்தான் வைத்தார். பூவைப் பார்த்தால் அங்கேதான் வைக்கத் தோன்றும். அது அறுபத்தேழு ஆண்டு அப்படியே இருந்தது.

1899இல் எட்வர்ட் ஹாரிமன் என்ற அமெரிக்க ரயில்வே முதலாளிக்கு மருத்துவர்கள் ஓய்வெடுக்கச் சொன்னார்கள். பெரும் பணக்காரர் ஓய்வெடுக்கும் விதமே வேறு. ஒரு நீராவிக் கப்பலைப் பிடித்து, குடும்பத்தோடு அமெரிக்காவின் முன்னணி அறிவியலாளர்களையும் ஓவியர்களையும் ஏற்றிக்கொண்டு இரண்டு மாதம் அலாஸ்காக் கரையைச் சுற்றிவந்தார். இயற்கை எழுத்தாளர் ஜான் மியூர் அந்தக் கப்பலில் இருந்தார். ஃப்ரெடரிக் கோவில் என்ற தாவரவியலாரும் இருந்தார். கோவிலின் கண்ணில் பட்டது அலாஸ்காவில் வளரும் காசியோப்பி ஸ்டெல்லெரியானா. கடலோடி பெரிங்குடன் 1741இல் அலாஸ்காவுக்கு வந்த இயற்கையியலாளர் ஸ்டெல்லரின் பெயரைத் தாங்கிய செடி. இலை செதிலாக இல்லை, எதிரெதிராக இல்லை, பூ நுனியில் வருகிறது. இது காசியோப்பி இல்லை என்று முடிவு கட்டி, 1901இல் புதிய பேரினம் ஒன்றை அமைத்தார். கூடவே லாப்லாந்துப் பாசி ஹீதரையும் அங்கே கொண்டுபோனார். பெயர்: ஹாரிமனெல்லா.

பெயரைக் கேட்டதும் எனக்கு வாய் கசந்தது. அரசிகளும் கன்னியரும் உலவிய வீட்டுக்குள் ரயில்வே முதலாளி செருப்புக் காலோடு வந்து நிற்பது போல. லின்னேயஸே 1751இல் விதி எழுதியிருக்கிறார்: வேறு துறையில் புகழ்பெற்றவர்களின் நினைவுக்காகவோ, யாருடைய தயவைப் பெறவோ பேரினப் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று. எடுத்துக் காட்டிச் சண்டை போடலாம் என்று பார்த்தால், அடுத்த விதியே காலை வாருகிறது. கவிஞர்கள் பாடிய பெயர்கள், தெய்வங்கள், அரசர்கள், தாவரவியலை வளர்க்க உதவியவர்கள் ஆகியோரின் பெயர்களை வைத்துக்கொள்ளலாம் என்கிறது அது. ஆண்ட்ரோமெடாவுக்கு இடம்தரும் அதே வரி, கப்பல் செலவைக் கட்டிய ஹாரிமனுக்கும் இடம்தருகிறது. என்ன செய்வது.

கோவிலின் பிரிவினையை எல்லோரும் உடனே ஏற்கவும் இல்லை. இருபதாம் நூற்றாண்டு நெடுகப் பல நூல்கள் பாசி ஹீதரைக் காசியோப்பி ஹிப்னாய்டெஸ் என்றே எழுதிவந்தன. நான் படித்துப் பழகியதும் அப்படிப்பட்ட பழைய நூல்கள்தான். என் அவசரப் பதிலுக்கு அதுவும் ஒரு காரணம் என்று சொல்லிக்கொள்ளலாம், தோழி கேட்கப்போவதில்லை.

வழக்கைத் தீர்த்தது மரபணு. 2002இல் கேத்லீன் க்ரான் தலைமையில் ஒரு குழு, மரபணு வரிசைகளையும் செடிகளின் உடலமைப்பையும் சேர்த்து வைத்து, ஹீதர் குடும்பம் முழுவதற்கும் புதிய வகைப்பாடு வெளியிட்டது. ஆண்ட்ரோமெடா, புளூபெர்ரி இருக்கும் துணைக்குடும்பத்துக்குப் போனது. காசியோப்பி எதனோடும் ஒட்டவில்லை. அதற்கென்றே ஒரு துணைக்குடும்பம். ஹாரிமனெல்லாவும் எதனோடும் ஒட்டவில்லை. அதற்கும் தனித் துணைக்குடும்பம். பேரினம் ஒன்று, துணைக்குடும்பமும் ஒன்று, இரண்டுக்கும் அப்படி. ஒரே மாதிரி தலைகுனிந்த வெள்ளை மணிகள் வெவ்வேறு கிளைகளில் தனித்தனியாக இருக்கின்றன. தாயும் மகளும் நெருங்கிய உறவே இல்லை. ஒன்றாக வைக்கப்பட்ட இரு மலைச்செடிகளும் ஒருவருக்கொருவர் தூரத்து உறவு.

எனக்கு இதில் உறுத்துவது ஒன்றுதான். அழகான பெயர் சொன்ன உறவு பொய்யாகிவிட்டது. வாய்க்குப் பிடிக்காத பெயர் சொன்ன பிரிவினை உண்மையாகிவிட்டது. ஃப்ரெடரிக் கோவிலுக்குக் கவிதை வரவில்லை, ஆனால் இலையைத் திருப்பிப் பார்க்கத் தெரிந்திருந்தது. டானையும் குறைசொல்ல முடியாது, காசியோப்பியை ஆண்ட்ரோமெடாவிலிருந்து பிரித்தது சரியான வேலைதான். இவ்வளவுக்குப் பிறகும் பெயர்கள் மாறவில்லை. பெயர் பொருத்தமில்லை என்பது பெயரை நீக்கக் காரணமாகாது என்கிறது தாவரப் பெயரிடல் விதிநூல். பெயர் சுட்டினால் போதும், விளக்க வேண்டியதில்லை. நல்ல விதி. இல்லாவிட்டால் ஒவ்வொரு தலைமுறையும் உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டே இருக்கும்.

காசியோப்பியை ஆர்க்டிக் செடி என்று சொல்லும் வழக்கமும் முழு உண்மை இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் புகழ் டெட்ராகோனா என்ற ஒரே சிற்றினத்தால் வந்தது. அது வடதுருவத்தைச் சுற்றி, கிரீன்லாந்தின் வடகோடி வரை பரவியிருக்கிறது. பேரினத்தில் மொத்தம் பன்னிரண்டு என்பாரும் உண்டு, பதினேழு என்பாரும் உண்டு. பெரும்பகுதி இமயமலையிலும் தென்மேற்குச் சீன மலைகளிலும் இருக்கின்றன. ஹாரிமனெல்லாவில் இரண்டே சிற்றினங்கள். ஒன்று அட்லாண்டிக்கின் இரு கரைகளில், மற்றது பசிபிக்கின் வடகரைகளில். நடுவே பெரிய இடைவெளி.

அங்கேயே வாழ்பவர்களுக்கு இந்தப் பெயர்ச் சண்டை எதுவும் தேவைப்படவில்லை. மரமே இல்லாத நிலத்தில் இனுவிட் மக்கள் டெட்ராகோனாவைப் பிடுங்கி அடுப்பெரித்தார்கள். பிசின் நிறைந்த செடி, ஈரமாக இருந்தாலும் பற்றிக்கொள்ளும். ஆய்வாளர்களுக்கு அதே செடி நாட்காட்டி. பருவத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் முளைக்கும் இலைகள் குட்டையாகவும் நடுவில் முளைப்பவை நீளமாகவும் இருக்கும். செத்த இலைகளும் பல்லாண்டு உதிர்வதில்லை. தண்டின் நுனியிலிருந்து கீழ்நோக்கி அளந்துகொண்டே போனால் அலை அலையாக வரும், ஓர் அலை ஓர் ஆண்டு. ஆர்க்டிக் தீவுகளான ஸ்வால்பார்டிலும் எல்ஸ்மியரிலும் இப்படிப் பழைய கோடைகளின் வெப்பத்தைக் கணித்திருக்கிறார்கள்.  அளந்தது அந்த நான்கு வரிசைச் செதில்களைத்தான். ஊர்க்காரர்கள் இலையைப் பார்த்துப் பெயர் வைத்ததில் எத்தனை சரி பாருங்கள்.

தோழிக்கு அன்றிரவே திருத்தம் எழுதினேன். முதலாவது காசியோப்பி, இரண்டாவது ஹாரிமனெல்லா, நான் சொன்னது தவறு என்று. அதோடு விடாமல், தலைக்குமேல் காசியோப்பியா விண்மீன்கள் தெரிகின்றனவா, அங்கே அவை மறைவதே இல்லையே என்றும் கேட்டேன். "இங்கே ஜூலையில் இருட்டே கிடையாது, விண்மீனுக்கு எங்கே போவது" என்று பதில் வந்தது. அதையும் நான் யோசித்திருக்க வேண்டும்.

இரண்டு வாரம் கழித்து மூன்றாவது படம் வந்தது. சதுப்பில் ஒரு மண்திட்டு, அதன்மேல் வெளிறிய ரோஜா நிற மணிகள். இந்த முறை நான் அவசரப்படவில்லை. இலையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அனுப்பினாள். குறுகிய இலை, விளிம்பு கீழ்நோக்கிச் சுருண்டு, அடிப்பக்கம் வெள்ளையாக இருந்தது. "ஆண்ட்ரோமெடா" என்று எழுதிவிட்டு, "பக்கத்தில் தவளை ஏதாவது இருந்ததா?" என்றும் சேர்த்தேன்.

"இல்லை. கொசுதான்."